ஜாஸ் கற்கப் புத்தகம், ஆல்பம், கையடக்க கீபோர்டு: ஆன்லைனில் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

செந்தூரம்:

வணக்கம். கார்டு பிடித்து வாசிக்கத் தெரியும், நொட்டேஷன் மெதுவாகப் படிக்க வரும். ஜாஸ் பியானோவை ஒழுங்காகக் கற்க மூன்று பொருள் தேவைப்படுகிறது: மெட்டும் கார்டும் உள்ள ஒரு புத்தகம், கேட்டுக் கேட்டு வாசிக்கச் சில ஆல்பங்கள், தோளில் மாட்டிக்கொண்டு போகிற மாதிரி ஒரு கீபோர்டு. மூன்றையும் ஆன்லைனில்தான் வாங்கப் போகிறேன், தொட்டுப் பார்க்க வழியில்லை.

'ரியல் புக்' என்று தேடினால் ஒரே சாயல் அட்டையில் வரிசையாக வருகிறது, விலை மட்டும் வேறு வேறு. ஆல்பமும் அப்படியே, ஒரே பெயரில் பத்துப் பதினைந்து வெளியீடுகள். கீபோர்டில் 37 கட்டை முதல் 88 கட்டை வரை இருக்கிறது, 'மிடி கீபோர்டு' என்று போட்டிருப்பவை மலிவாகவும் தெரிகின்றன. பழையது வாங்கவும் தயக்கமில்லை. எதை வைத்து முடிவு செய்வது?

நூல்வாசி:

புத்தகத்தைப் பற்றி நான் சொல்கிறேன். மற்ற இரண்டுக்கும் இங்கே ஆட்கள் இருக்கிறார்கள்.

முதலில் ஒன்று தெளிவாக இருக்கட்டும். 'ரியல் புக்' பியானோ பாடப்புத்தகம் அல்ல. மெட்டு ஒரு வரியில் இருக்கும், அதன் மேல் கார்டு பெயர்கள் இருக்கும், அவ்வளவுதான். இடக்கைக்கு ஒரு சுரம்கூட எழுதியிருக்காது. எந்தக் கார்டை எப்படிப் பிரித்து வைப்பது என்பதற்குத் தனியாக ஒரு பாடநூல் வேண்டும். இரண்டு கைக்கும் முழுசாக எழுதிய இசை வேண்டுமென்றால், விற்பனைப் பக்கத்தின் விவரத்தில் 'பியானோ சோலோ' என்று இருக்கிறதா பாருங்கள். 'லீட் ஷீட்' அல்லது 'ஃபேக் புக்' என்று இருந்தால் மெட்டும் கார்டும் மட்டும்தான்.

ஒரே சாயலில் வருவதற்குக் காரணம் இருக்கிறது. இது 1970களில் பாஸ்டனின் பெர்க்லீ கல்லூரி மாணவர்களிடையே உரிமை பெறாமல் கைமாறிய தொகுப்பு. 2004ல் ஹால் லெனார்ட் நிறுவனம் பாடல்களுக்கு உரிமை வாங்கி, 'ஆறாம் பதிப்பு' என்று பெயரிட்டு முறையாக வெளியிட்டது. பழைய கையெழுத்துத் தோற்றத்தை வேண்டுமென்றே வைத்துக்கொண்டார்கள். அதனால் திருட்டு நகலும் முறையான பதிப்பும் படத்தில் ஒன்றுபோலத் தெரியும். பழைய நகல்களில் தவறான கார்டுகள் நிறைய, அவற்றில் பலவற்றை ஆறாம் பதிப்பில் திருத்தினார்கள். பதிப்பாளர் பெயரே போடாமல் சுருள்கம்பி பைண்டிங்கில் மலிவாக விற்பதை விட்டுவிடுங்கள்.

அடுத்தது சுருதி. இதே தொகுதி 'சி', 'பி ஃப்ளாட்', 'ஈ ஃப்ளாட்', 'பேஸ் க்ளெஃப்' என்று நான்கு வகையில் வருகிறது. கீபோர்டுக்கு 'சி' பதிப்பு. 'பி ஃப்ளாட்' டிரம்பெட், டெனர் சாக்ஸுக்கு, 'ஈ ஃப்ளாட்' ஆல்டோ சாக்ஸுக்கு. அட்டையில் அந்த எழுத்து சின்னதாகத்தான் இருக்கும், சிறுபடத்தில் தெரியவே தெரியாது. தவறி 'பி ஃப்ளாட்' வந்து, திருப்பி அனுப்பவும் முடியாமல் போனால், கீபோர்டின் டிரான்ஸ்போஸை (எல்லாக் கட்டையையும் சேர்த்து அரைச்சுரக் கணக்கில் ஏற்றி இறக்கும் அமைப்பு) மைனஸ் 2 வைத்தால் பதிவோடு பொருந்தும். 'ஈ ஃப்ளாட்' என்றால் பிளஸ் 3. தற்காலிகமாகச் சமாளிக்கலாம், ஆனால் அப்படியே பழகினால் கையும் காதும் வேறு வேறு சுரம் சொல்லும். சீக்கிரம் மாற்றிவிடுவது நல்லது.

இந்தக் குழப்பம் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து ஐஎஸ்பிஎன், அதாவது ஒவ்வொரு பதிப்புக்கும் தனியாகத் தரப்படும் அடையாள எண். பதிப்பாளரின் தளத்தில் உங்களுக்கு வேண்டிய பதிப்பின் 13 இலக்க எண்ணை எடுத்துக்கொண்டு, கடைத் தளத்தில் அந்த எண்ணையே தேடுங்கள், பெயரைத் தேடாதீர்கள். அளவு மாறினால், பைண்டிங் மாறினால், சிடி சேர்ந்தால் எண்ணும் மாறும். 2007க்கு முந்தைய புத்தகங்களில் 10 இலக்க எண்தான் அச்சாகியிருக்கும். அதன் முதல் 9 இலக்கங்களுக்கு முன்னால் 978 சேர்த்தால் 13 இலக்க எண்ணின் முதல் 12 வந்துவிடும். கடைசி இலக்கம் மட்டும் வேறு, அது கணக்குச் சரிபார்ப்பு இலக்கம். பழைய புத்தகம் தேடும்போது இரண்டு எண்ணிலும் தேடுங்கள். ஒன்றில் காட்டாத பிரதி இன்னொன்றில் வரும்.

விமர்சனங்களை நம்பும்போது கவனம். பல தளங்கள் ஒரே தலைப்பின் எல்லாப் பதிப்புகளுக்கும் விமர்சனங்களைக் கலந்து காட்டுகின்றன. 'அச்சு அருமை' என்று ஒருவர் எழுதியது தடித்த அட்டைப் பதிப்பைப் பற்றி இருக்கலாம், நீங்கள் வாங்குவது வேறாக இருக்கலாம். ஒவ்வொரு விமர்சனத்தின் கீழும் எந்த வடிவம் என்று சின்ன எழுத்தில் இருக்கும், அதைப் பாருங்கள்.

பழைய பிரதியில் கேட்க வேண்டியவை: சிடி உண்டா, உறை பிரிக்கப்பட்டதா? சிடிக்குப் பதில் ஆன்லைன் ஒலிக்கு ஒரு குறியீடு தரும் புத்தகம் என்றால், அந்தக் குறியீட்டை யாராவது ஏற்கெனவே பதிந்துவிட்டார்களா? பென்சில் குறிப்பு அழியும், மார்க்கர் போட்டுக் கார்டு பெயரை மறைத்திருந்தால் அந்தப் பக்கம் வீண். 'நூலகப் பிரதி' என்றால் முத்திரையும் ஒட்டுச்சீட்டும் இருக்கும், படிக்க ஒரு குறையும் இல்லை. முதுகு ஒடியாமல் கீபோர்டு மேல் மல்லாந்து நிற்குமா என்பது இசைப் புத்தகத்துக்கு மட்டுமே உரிய கேள்வி. பதிப்பாளர் பெயரோடு வந்த முறையான பதிப்பில் சுருள்கம்பி பைண்டிங் இருந்தால் அதையே எடுங்கள்.

மின்நூலா? ஜாஸ் வரலாறு, வாழ்க்கை வரலாறு எல்லாம் தாராளமாக மின்நூலில் படிக்கலாம். இசைக்குறி அச்சான பக்கம் அப்படியல்ல, அது எழுத்துப் போலத் திரைக்கேற்ப மடங்காது. முழுப் பக்கமும் படமாகவே வரும். வழக்கமான இசைப் புத்தகம் 9 அங்குல அகலம், 12 அங்குல உயரம். 6 அங்குல வாசிப்புக் கருவியில் 'மைனர் 7 ஃப்ளாட் 5' போன்ற நீளமான கார்டு பெயர் எதுவென்று கண்ணுக்குத் தெரியாது. 12 அங்குலத்துக்கு மேற்பட்ட டேப்லெட்டில்தான் நின்று வாசிக்க முடியும். இதே காரணத்தால் 'மினி' பதிப்பையும் யோசித்து வாங்குங்கள். பைக்குள் அழகாக அடங்கும், ஸ்டாண்டில் வைத்தால் கண் வலிக்கும்.

தட்டுச்சேகரம்:

ஆல்பம் என் பக்கம்.

நீங்கள் 'கேட்டுக் கேட்டு வாசிக்க' என்று சொன்னதால் முதலில் சுருதி விஷயம். மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' எப்படியும் உங்கள் பட்டியலில் இருக்கும். 1959 மார்ச் 2 அன்று பதிவு செய்தபோது ஒலிநாடாக் கருவி கொஞ்சம் மெதுவாக ஓடியது. மெதுவாகப் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓட்டினால் சுருதி ஏறும். அன்று பதிவான மூன்று உருப்படிகளும் தட்டின் முதல் பக்கத்தில் இருக்கின்றன, மூன்றும் பல ஆண்டுகள் அப்படியே உயர்ந்த சுருதியில் விற்றன. இரண்டாம் பக்கம் ஏப்ரல் 22ல் பதிவானது, அதில் இந்தக் கோளாறு இல்லை. 1990களின் மறுவெளியீடுகளில்தான் திருத்தினார்கள். 1997 முதல் வந்த வழக்கமான சிடியில் சுருதி சரி. பழைய தட்டையோ 1980களின் சிடியையோ வைத்து வாசித்தால் 'ஸோ வாட்' பதிவின் டி உங்கள் கீபோர்டின் டி-க்கு மேலே, ஈ ஃப்ளாட்டுக்குக் கீழே நிற்கும். காது கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். கீபோர்டின் 'ட்யூனிங்' அமைப்பை வழக்கமான சுருதியான 440 ஹெர்ட்ஸிலிருந்து சிறு சிறு படியாக ஏற்றினால் பொருந்திவிடும். முடித்ததும் மறக்காமல் 440க்குத் திருப்புங்கள்.

ஏன் பத்துப் பதினைந்து வெளியீடுகள்? ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒலிப்பதிவு உரிமை 50 ஆண்டுகளாக இருந்தது. 2013 நவம்பரில் 70 ஆக்கினார்கள், ஆனால் அதற்குள் காலாவதியானவற்றுக்கு அது பொருந்தாது. ஆகவே 1962 வரை வெளியான ஜாஸ் அங்கே பொதுச்சொத்து, எந்த நிறுவனமும் அச்சடிக்கலாம். '4 ஆல்பம் 2 சிடியில்' என்று வருபவற்றில் பெரும்பாலானவை இந்த வகை. தட்டு ஒன்று 40 நிமிடம், சிடியில் 80 நிமிடம் வரை அடங்கும், அதனால் அந்தக் கணக்கு. அறிமுகத்துக்கு இவை மோசமில்லை, விலைக்கு நிறைய இசை கிடைக்கிறது. ஆனால் எந்த மூலத்திலிருந்து எடுத்தார்கள் என்று சொல்ல மாட்டார்கள். மூலநாடா அவர்களிடம் இருப்பதில்லை. ஏற்கெனவே வந்த சிடியிலிருந்தோ பழைய தட்டிலிருந்தோ எடுத்திருப்பார்கள். பின்னணி இரைச்சலை அளவுக்கு மீறி அழித்து, சிம்பலின் ஓசையும் சேர்ந்து மழுங்கியிருக்கும். அதே பதிவு மூல நிறுவனத்தின் பெயரில், எந்தப் பொறியாளர் எந்த நாடாவிலிருந்து மாஸ்டர் செய்தார் என்ற விவரத்தோடு கிடைத்தால் அதையே எடுங்கள். ப்ளூ நோட் நிறுவனம் 2019ல் தொடங்கிய 'டோன் பொயட்' வரிசைத் தட்டுகள் மூலநாடாவிலிருந்து செய்தவை. ப்ரெஸ்டீஜ், ரிவர்சைடு நிறுவனங்களின் பதிவுகளுக்கு 1980களில் தொடங்கிய 'ஒரிஜினல் ஜாஸ் கிளாசிக்ஸ்' மறுவெளியீடுகள் பழைய பொருள் சந்தையில் இன்றும் நல்ல தேர்வு.

பழைய தட்டில் 'எலக்ட்ரானிக்காக ஸ்டீரியோ ஆக்கப்பட்டது' என்ற வாசகம் இருந்தால் வேண்டாம். மோனோ பதிவை வடிகட்டி இரண்டாகப் பிரித்து, எதிரொலியும் சேர்த்திருப்பார்கள். பியானோவின் கார்டுக்குள் எந்தச் சுரம் இருக்கிறது என்று பிரித்துக் கேட்கவே முடியாது. சுத்தமான மோனோ அதைவிடப் பல மடங்கு மேல்.

தட்டின் தரக் குறியீட்டைச் சொல்லியே ஆகவேண்டும், ஏமாற்றம் அதிகம் நடக்கும் இடம் இது. இந்தச் சந்தையில் 'விஜி' என்றால் 'வெரி குட்' என்று விரியும், பொருள் அது அல்ல. கீறலும் சடசடப்பும் பாட்டோடு சேர்ந்து காதில் விழும் என்பதே அதன் அர்த்தம். ராக் இசையில் அது மறைந்துவிடும். பேஸ் தனியாக வாசிக்கும் இடம், பியானோ மெல்ல இறங்கும் பல்லவி எல்லாம் ஜாஸில் அடிக்கடி வரும், அங்கே ஒவ்வொரு சொடக்கும் கேட்கும். 'விஜி பிளஸ்' குறைந்தபட்சம். தட்டுக்கு ஒரு தரம், உறைக்கு ஒரு தரம் என்று இரண்டு போட்டிருப்பார்கள், இரண்டையும் படியுங்கள். கண்ணால் பார்த்துப் போட்ட தரமா, ஓட்டிக் கேட்டுப் போட்ட தரமா என்று விற்பவரிடம் கேளுங்கள்.

எந்த அச்சு என்று உறுதி செய்ய, லேபிளைச் சுற்றியுள்ள வெற்று வளையத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அங்கே பொறித்திருக்கும் எண்தான் தட்டின் அடையாளம். அட்டை மாறிப் போயிருக்கலாம், அந்தப் பொறிப்பு மாறாது. பழைய ப்ளூ நோட் அச்சு என்றால் பெரும்பாலும் ஒலிப்பதிவுப் பொறியாளர் ரூடி வான் கெல்டரின் பெயரோ முதலெழுத்துகளோ அங்கே இருக்கும். 1966 வரை பிளாஸ்டிலைட் ஆலையில் அச்சானவற்றில் காது மாதிரி ஒரு குறி கையால் கீறியிருப்பார்கள். 'முதல் அச்சு' என்று விலை சொல்பவர் அந்தப் படத்தைத் தரத் தயங்கினால் அடுத்த ஆளைப் பாருங்கள். ஜப்பான் அச்சுகளும் நன்றாக இருக்கும். பக்கவாட்டில் சுற்றியிருக்கும் காகிதப் பட்டை இருந்தால் விலை ஏறும், ஒலிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அனுப்பும்போது தட்டை அட்டை உறையிலிருந்து வெளியே எடுத்து, உள்ளுறையோடு பின்னால் வைத்துக் கட்டச் சொல்லுங்கள். உள்ளேயே விட்டால் பார்சல் ஒருமுறை விழுந்தால் போதும், தட்டின் விளிம்பு உறையின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும்.

சிடி என்றால் இரண்டு சோதனை. அடிப்பக்கம் வெள்ளியாக இருக்கவேண்டும். நீலமோ பச்சையோ அடித்தால் அது கணினியில் எழுதிய சிடி-ஆர். ஆர்டர் வந்த பிறகு எரித்து அனுப்பும் கடைகள் உண்டு, விவரத்தில் எங்கோ ஒரு மூலையில் அதைச் சொல்லியிருப்பார்கள். இன்னொன்று, சுமார் 1988 முதல் 1993 வரை இங்கிலாந்தின் பிடிஓ ஆலையில் செய்த சிடிகள் சில ஓரத்திலிருந்து வெண்கல நிறமாக மாறிப் பழுதாகின்றன. நடுவளையத்தைச் சுற்றி 'மேட் இன் யு.கே. பை பிடிஓ' என்று இருந்தால் அடிப்பக்கத்தின் படம் கேளுங்கள்.

கோப்பாக வாங்கினால் ஃப்ளாக் (ஒலித்தரம் குறையாமல் சுருக்கும்) வடிவம், 16 பிட் 44.1 கிலோஹெர்ட்ஸ் போதும். 24 பிட்டுக்குக் கூடுதல் கொடுப்பதைவிட நல்ல மாஸ்டரிங்கைத் தேடுங்கள்.

மூன்றாம்கட்டை:

கீபோர்டுக்கு வர்றேன். மலிவான 'மிடி கீபோர்டு'ல சத்தமே வராது. அது வெறும் கட்டைதான், கணினியிலயோ போன்லயோ ஆப் ஓடினாத்தான் ஒலி. விவரத்துல 'கன்ட்ரோலர்'னு இருந்தா அதுதான். ஸ்பீக்கர் இருக்கா, எத்தனை டோன் இருக்குன்னு எழுதியிருந்தா அது தனியா இயங்குற கீபோர்டு. தூக்கிட்டுப் போயி பேட்டரியில வாசிக்கிற உங்க தேவைக்கு ரெண்டாவதுதான் சரி.

அடுத்தது, அழுத்தத்துக்கு ஏத்த மாதிரி சத்தம் மாறணும். 'டச் ரெஸ்பான்ஸ்'னு போட்டிருப்பாங்க. இது இல்லாத கீபோர்டுல ஜாஸ் பழகவே முடியாது. மெல்லத் தொட்டாலும் ஓங்கி அடிச்சாலும் ஒரே சத்தம்னா ஸ்விங் எங்கிருந்து வரும்? பார்க்க ஒரே மாதிரி இருக்குற ரெண்டு மாடல்ல ஒண்ணுல இருக்கும், ஒண்ணுல இருக்காது. கேசியோவோட எஸ்200, எஸ்300 ரெண்டும் 61 கட்டை, ரெண்டும் சுமார் 3.3 கிலோ, ரெண்டுக்கும் ஆறு டபுள்-ஏ பேட்டரி. டச் ரெஸ்பான்ஸ் எஸ்300ல மட்டும்தான். யமஹாவுல இ273ல கிடையாது, இ373ல உண்டு. அதனால மாடல் எண்ணைக் கடைசி எழுத்து வரைக்கும் ஒத்துப் பாருங்க. தலைப்புல ஒரு எண், படத்துல வேற எண் இருந்தா, வாங்குறதுக்கு முன்னாடி எழுத்துல கேட்டு வாங்கிக்கோங்க. பின்னால தகராறு வந்தா அந்தப் பதில்தான் கை கொடுக்கும்.

கட்டையோட அளவு. 37 கட்டை, 32 கட்டைன்னு சின்னதா வர்றதுல நிறைய மினி கட்டை. முழு அளவு கட்டையில ஒரு ஆக்டேவ் சுமார் 16.5 சென்டிமீட்டர். விற்கிறவரை ஒரு சி-யோட இடது ஓரத்துல இருந்து பி-யோட வலது ஓரம் வரைக்கும் அளக்கச் சொல்லுங்க. 14 சொன்னா மினி. மினியில விரல் பழகிட்டா பெரிய பியானோவுல தாண்டல் எல்லாம் தப்பும்.

பாலிஃபனி, அதாவது ஒரே நேரத்துல ஒலிக்கக்கூடிய சுரங்களோட எண்ணிக்கை, 32க்குக் கீழ வேண்டாம், 48 இருந்தா பரவாயில்லை, 64 நல்லது. நாலஞ்சு சுரக் கார்டை பெடலோட பிடிச்சுக்கிட்டு மேல ஓட்டுனா எண்ணிக்கை மளமளன்னு ஏறும். ஸ்டீரியோ டோன்ல ஒரு சுரமே ரெண்டு இடம் எடுத்துக்கும். இடம் தீர்ந்தா முதல்ல பிடிச்ச சுரம் பொசுக்குன்னு அறுந்துடும்.

பெடல் சாக்கெட் இருக்கான்னு பின்பக்கப் படத்தைப் பாருங்க. வேற கம்பெனி பெடல் வாங்கினா சில சமயம் தலைகீழா வேலை செய்யும், காலை எடுத்தா இழுக்கும், மிதிச்சா நிக்கும். சுவிட்சோட போலாரிட்டி மாறியிருக்கறதுதான் காரணம். பெடலை மாட்டிட்டு, மிதிக்காம, அப்புறமா கீபோர்டை ஆன் பண்ணுங்க. நிறைய மாடல் ஆன் ஆகும்போது பார்த்துத் தன்னாலயே மாத்திக்கும். அப்படியும் சரியாகலைன்னா போலாரிட்டி சுவிட்ச் வெச்ச பெடலா வாங்கணும்.

ரீசார்ஜ் பேட்டரி போடுறவங்களுக்கு: சாதா அல்கலைன் 1.5 வோல்ட், ஆறு சேர்ந்தா 9. ரீசார்ஜ் வகை 1.2, ஆறு சேர்ந்தா 7.2தான். கீபோர்டுல பேட்டரி வகை மாத்துற அமைப்பு இருந்தா மாத்திடுங்க, இல்லேன்னா நல்லா சார்ஜ் இருக்கும்போதே பேட்டரி தீர்ந்துச்சுன்னு காட்டும்.

61 போதும். இடக்கையில மூணு சுரக் கார்டு, வலக்கையில மெட்டுன்னு பழக அது தாராளம்.

கம்பிநாதம்:

கடைசி வரியில் மட்டும் மாறுபடுகிறேன். பேஸ் வாசிப்பவரோடு சேர்ந்து வாசித்தால் 61 போதும், மறுப்பில்லை. தனியாக வாசிக்கும்போது இடக்கைதான் பேஸ். 61 கட்டை, நடு சி-க்கு இரண்டு ஆக்டேவ் கீழே உள்ள சி2-வில் தொடங்குகிறது. டபுள் பேஸின் தடித்த கம்பியைத் திறந்து மீட்டினால் வருவது அதற்கும் எட்டு அரைச்சுரம் கீழே இருக்கும் ஈ1. வழக்கமான 76 கட்டையின் முதல் கட்டை சரியாக அந்த ஈ. நடைபோடும் பேஸ் வரியை இடக்கையில் முழுதாகப் பிடிக்க வேண்டுமென்றால் 76தான் வேண்டும். யமஹா என்பி-32, அதற்குப் பின் வந்த என்பி-35 இரண்டும் 76 கட்டை, 6 கிலோவுக்குள், பேட்டரியிலும் ஓடும். நீளம்தான் இடைஞ்சல். பையின் உள்ளளவையும் கீபோர்டின் நீளத்தையும் ஒப்பிட்டுவிட்டு வாங்குங்கள். '76 கட்டைப் பை' என்ற பெயரை மட்டும் நம்பினால் கனத்த ஸ்டேஜ் மாடலுக்கான பெரிய பை வந்து சேரும்.

இன்னொன்று இங்கே யாரும் சொல்லவில்லை. ஜேமி ஏபர்சால்டின் 'ப்ளே அலாங்' வரிசை புத்தகமும் பதிவும் சேர்ந்தது, நூறு தொகுதிக்கு மேல் இருக்கிறது. 1967ல் தொடங்கியது. பதிவின் ஒரு பக்கத்தில் பேஸும் டிரம்ஸும், மறுபக்கத்தில் பியானோவும் டிரம்ஸும் இருக்கும். பேலன்ஸை ஒருபக்கமாகத் திருப்பினால் பியானோ போய்விடும், அந்த இடத்தில் நீங்கள் வாசிக்கலாம். மறுபக்கம் திருப்பினால் அவர்கள் கார்டை எங்கே தள்ளி வைக்கிறார்கள் என்று தனியாகக் கேட்கலாம்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. பழைய பிரதி விற்பவர் 'சிடி இல்லை, ஒலியைக் கோப்பாக அனுப்புகிறேன்' என்றால் அது மோனோவாக இருக்க வாய்ப்புண்டு. உரிமைச் சிக்கல் ஒரு பக்கம் இருக்க, மோனோ ஆனதும் இரண்டு பக்கமும் கலந்து, இந்தப் பிரிப்பு முழுதும் வீணாகிவிடும். ஒற்றை ப்ளூடூத் ஸ்பீக்கரில் கேட்டாலும் அதே கதி. கீபோர்டில் 3.5 மில்லிமீட்டர் ஒலி உள்ளீடு இருந்தால், போனில் பேலன்ஸைத் திருப்பிவிட்டு வயர் மூலம் கொடுங்கள். கீபோர்டில் ப்ளூடூத் ஒலி வசதி இருந்தாலும் பின்னணி இசைக்கு அது போதும், ஏனென்றால் தாமதமாவது பின்னணி மட்டும், உங்கள் விரல் சத்தம் உடனே வரும். கீபோர்டிலிருந்து ப்ளூடூத் ஹெட்போனுக்கு அனுப்புவது வேறு விஷயம். அதில் விரல் வைத்துக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் சத்தம் கேட்கும், தாளம் நிற்காது. ஹெட்போன் எப்போதும் வயரில்.

செந்தூரம்:

எல்லோருக்கும் நன்றி, ரொம்பத் தெளிவாகிவிட்டது. ஐஎஸ்பிஎன் போட்டுத் தேடியதில் முதல் பக்கத்தில் இருந்ததில் பாதி கழிந்துவிட்டது.

இரண்டு கேள்வி மிச்சம். டச் ரெஸ்பான்ஸ் உள்ள பழைய 61 கட்டை ஒன்று மலிவாக வருகிறது. விற்பவர் அனுப்பிய வீடியோவில் நடு ஆக்டேவில் இரண்டு கட்டை மெல்லத் தொட்டாலும் அலறுகிறது, ஒன்று ஊமை. அடாப்டரும் இல்லை. துணிந்து வாங்கலாமா? இன்னொன்று, வாயால் ஊதிக் கட்டையில் வாசிக்கும் மெலோடிகாவைப் பற்றி யாராவது சொல்ல முடியுமா? பைக்குள் போடுகிற மாதிரி இருக்கிறதே.

மூன்றாம்கட்டை:

அலறலும் ஊமையும் பெரும்பாலும் ஒரே வியாதி. ஒவ்வொரு கட்டைக்குக் கீழயும் ரப்பர் பட்டையில ரெண்டு கார்பன் பொட்டு இருக்கும். கட்டை இறங்கும்போது ஒண்ணு முதல்ல தொடும், இன்னொண்ணு ஒரு நொடிப்பொழுது கழிச்சுத் தொடும். ரெண்டுக்கும் நடுவுல உள்ள நேரத்தை வெச்சுத்தான் எவ்வளவு வேகமா அழுத்துனீங்கன்னு கணக்குப் போடுது. முதல் பொட்டுல தூசி படிஞ்சு லேட்டாத் தொட்டா இடைவெளி சுருங்கிடும், ஓங்கி அடிச்சதா நினைச்சுக்கும். ஒரு பொட்டு தொடவே இல்லேன்னா ஊமை.

சுத்தம் பண்ணினா பெரும்பாலும் சரியாகும். பேட்டரி, அடாப்டர் எல்லாத்தையும் எடுத்துட்டு மெத்துன்னு துணி விரிச்சுக் கவுத்து வைங்க. திருகாணி நீளம் இடத்துக்கு இடம் மாறும், கழட்டுறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்துக்கோங்க. நீளமானதைக் குட்டைத் துளையில முறுக்கினா மேல்மூடி பிளந்துடும். உள்ள தட்டையான ரிப்பன் வயர் இருக்கும், மூடியைச் சடார்னு தூக்காதீங்க. கட்டைகளைக் கழட்டினா ரப்பர் பட்டை தெரியும். அதை உரிச்சு, போர்டுல உள்ள கறுப்புத் தடங்களையும் பட்டையோட பொட்டுகளையும் 90 சதவீதத்துக்கு மேல உள்ள ஐசோப்ரோபைல் ஆல்கஹால்ல நனைச்ச நூலு விடாத துணியால லேசா ஒத்துங்க. அழுத்தித் தேய்ச்சா கார்பனே போயிடும். நல்லாக் காஞ்சப்புறம் பட்டையோட காம்புகளைத் துளையில முழுசாச் செருகுங்க. ஒண்ணு பாதியில நின்னாலும் பக்கத்துக் கட்டை கனமாகும்.

இதைச் செய்யக் கை வருமான்னு நீங்கதான் சொல்லணும். வாங்குறதா இருந்தா பேட்டரி அறையோட படம் ஒண்ணு கேளுங்க. பேட்டரி ஒழுகிப் பச்சையும் வெள்ளையுமா பூத்திருந்தா அது ஸ்பிரிங்கோட நிக்காது, போர்டு வரைக்கும் அரிச்சிருக்கும். அப்படியிருந்தா எவ்வளவு மலிவா இருந்தாலும் வேண்டாம். வால்யூமைத் திருப்பும்போது கரகரன்னா அது சின்ன விஷயம்.

அடாப்டருக்கு வோல்ட், ஆம்பியர், முனையோட துருவம் மூணும் பாருங்க. வோல்ட் அப்படியே ஒத்துப்போகணும். ஆம்பியர் கூட இருக்கலாம், குறையக் கூடாது. சாக்கெட் பக்கத்துல வட்டத்துக்குள்ள ஒரு புள்ளி வரைஞ்சு, பிளஸ் எங்க மைனஸ் எங்கன்னு காட்டியிருப்பாங்க. பழைய கேசியோ 9 வோல்ட் மாடல்கள்ல நடுமுனை மைனஸ், இப்போ வர்றதுல நடுமுனை பிளஸ். கடையில 'எல்லா கீபோர்டுக்கும் பொருந்தும்'னு விற்கிறதை அப்படியே மாட்டினா, பாதுகாப்பு டையோடு இல்லாத மாடல்ல அதோட கதை முடிஞ்சது.

காற்றுக்கட்டை:

மெலோடிகா கீபோர்டுக்கு மாற்று அல்ல, துணை. ஒரு கையால்தான் வாசிக்க முடியும் (நீளக் குழாய் மாட்டி மேஜையில் வைத்தால் இரண்டு கையும் வரும், இடம்தான் பற்றாது). ஆனால் ஊதும் கருவி என்பதால், மெட்டை எங்கே மூச்சு விட்டுப் பிரிப்பது என்பதை அது சொல்லிக் கொடுக்கும். கட்டையில் மட்டும் பழகியவர்கள் இடைவெளியே விடாமல் வாசித்துக்கொண்டே போவார்கள், அதற்கு நல்ல மருந்து.

பொதுவாக 32 கட்டை அல்லது 37 கட்டை. இரண்டும் நடு சி-க்குக் கீழே உள்ள எஃப்-பில் தொடங்கும், 37ல் மேலே ஐந்து கட்டை கூடுதல். லீட் ஷீட் மெட்டுகளுக்கு 32 பெரும்பாலும் போதும். கட்டை வழக்கமான பியானோ கட்டையைவிடக் குறுகல், அதையும் கணக்கில் வையுங்கள்.

சுருதியை விவரத்தில் பாருங்கள். 442 ஹெர்ட்ஸில் வைத்தவை நிறைய வருகின்றன. 440க்கும் அதற்கும் வித்தியாசம் சுமார் 8 சென்ட் (ஒரு அரைச்சுரம் 100 சென்ட்). தனியாக வாசித்தால் தெரியாது, கீபோர்டோடு ஒரே சுரத்தை நீட்டிப் பிடித்தால் அலை அலையாக அடிக்கும். கீபோர்டை 442க்கு ஏற்றிக்கொள்வது சுலபமான வழி, உள்ளே ஒலி எழுப்பும் உலோக நாக்குகளைச் சுரண்டிச் சுருதி மாற்றுவது பழகியவர் வேலை.

வாயில் வைக்கும் பொருள் என்பதால் பெட்டியைப் பிரித்துவிட்டால் பல கடைகள் திருப்பி எடுப்பதில்லை, வாங்கும் முன் அந்த விதியைப் படித்துவிடுங்கள். பழையது வாங்கினால் ஊதுவாயையும் குழாயையும் புதிதாக வாங்கிப் போடுங்கள், தனியாகக் கிடைக்கின்றன. வந்ததும் ஒவ்வொரு கட்டையையும் மிக மெல்ல ஊதிப் பாருங்கள். உலோக நாக்கு ஒட்டிக்கொண்டிருந்தால் மெல்ல ஊதும்போது பேசாது, பலமாக ஊதினால் திடீரென்று பேசும். வாசித்து முடித்ததும் நீர் வடிக்கும் பொத்தானை அழுத்திப் பிடித்து, கட்டை எதையும் தொடாமல் பலமாக ஊதுங்கள், உள்ளே தங்கிய ஈரம் வெளியே வந்துவிடும். அதைச் செய்யாமல் பெட்டியில் போட்டு மூடினால் நாக்கில் களிம்பு பிடித்துச் சுருதி மாறும்.